யூனிட்டியின் ஷேடர் கிராஃபே போதுமா, ஷேடர் கோட் எழுதவும் படிக்க வேண்டுமா?

"கட்டங்களை இழுத்து இணைப்பதெல்லாம் புரோகிராமிங்கா?" என்று கேள்வியின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். யாரோ உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் சொன்னார்கள். ஷேடர் என்பது திரையில் ஒரு பொருள் என்ன நிறத்தில், எப்படித் தெரிய வேண்டும் என்று கணக்குப் போடும் சின்ன புரோகிராம். கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில், அதைக் கோட் எழுதாமல் கட்டங்களை இணைத்தே செய்ய ஷேடர் கிராஃப் உதவும்.

நான் கிளிநொச்சி. குளத்துத் துருசை (மதகை)த் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற சின்ன கேம் ஒன்று செய்துகொண்டிருந்தேன். மாரி வந்தால் மிகுதி வெள்ளம் வெளியேற வான்கதவையும் திறக்க வேண்டும். எங்கள் இரணைமடுக் குளம் வான் பாயும்போது தண்ணீர் மண்ணிறமாக நுரைத்து விழும். நீல நிறத் தண்ணீர் போட்டால் எங்கள் சனம் நம்பாது. அந்த நிறத்துக்கும் ஓட்டத்துக்குமாக இரண்டு கிழமை மினக்கெட்டேன், முழுக்க ஷேடர் கிராஃபில்தான். லப்டொப்பில் பார்த்தால் குளக்கட்டில் நிற்கிற மாதிரியே இருந்தது.

அப்புறம் அக்காவின் மகளுடைய போனில் போட்டுக் கொடுத்தேன். மலிவான போன். ஐந்து நிமிடத்தில், "மாமா, தண்ணி திக்குது" என்றாள். வாங்கிப் பார்த்தேன். அலை வழுக்கிப் போகாமல் விட்டு விட்டுத் தாவுகிறது, நுரை சதுரம் சதுரமாக உடைந்திருக்கிறது. மூடித் திறந்தால் சரியாகிவிடும். திரும்ப ஐந்து நிமிடத்தில் அதே கதை.

போனின் மெமரி போதவில்லை என்று நினைத்து டெக்ஸ்சர்களை, அதாவது பொருள்களின் மேல் ஒட்டும் படங்களை, சிறிதாக்கினேன். மூன்று நாள் வீண். கடைசியில் கிராஃப் ஃபைலைத் தெரிவு செய்து, இன்ஸ்பெக்டரில் இருக்கும் 'வியூ ஜெனரேட்டட் ஷேடர்' பட்டனை அழுத்தினேன். பக்கம் பக்கமாகக் கோட். பெரும்பாலானது விளங்கவில்லை. ஆனால் எங்கு பார்த்தாலும் 'ஹாஃப்' என்ற சொல் இருந்தது. போனில் வேகமாக ஓடும் என்று ஒரு வீடியோவில் கேட்டு, கிராஃபின் பிரிசிஷனை (எண்களின் துல்லிய அளவை) ஆரம்பத்திலேயே ஹாஃபுக்கு மாற்றியவன் நான்தான்.

ஹாஃப் என்றால் 16 பிட். எண் பெரிதாகப் பெரிதாக, அடுத்தடுத்து எழுதக்கூடிய இரண்டு எண்களுக்கு நடுவே இடைவெளியும் பெரிதாகும். டைம் நோட் (கிராஃபில் ஒவ்வொரு கட்டமும் ஒரு நோட்) தருவது நொடிக்கணக்கு; அதை வைத்துத்தான் தண்ணீர்ப் படம் நகர்கிறது. அது 256ஐத் தாண்டினால் கால் நொடியை விடச் சிறிய அசைவை ஹாஃபால் சொல்ல முடியாது. 1024 தாண்டினால், அதாவது 17 நிமிடம் ஆனதும், நொடிக்கு ஒரு அசைவுதான். கணினியில் படம் வரையும் சில்லான ஜிபியு, ஹாஃப் என்று எழுதினாலும் 32 பிட்டில்தான் கணக்குப் போடும் என்பதால் லப்டொப்பில் எதுவும் தெரியவில்லை.

டைம், வேகப் பெருக்கல், அதன் பின்னே தசமப் பகுதியை மட்டும் தரும் புதிதாக ஒரு ஃபிராக்‌ஷன் நோட், இந்த மூன்றை மட்டும் 32 பிட் சிங்கிளாக்கினேன். டெக்ஸ்சர் ஒட்டுத் தெரியாமல் திரும்பத் திரும்ப வருவதால் தசமப் பகுதி மட்டும் இருந்தால் போதும். மிச்சமெல்லாம் ஹாஃபாகவே இருக்கிறது. தண்ணீர் ஓடுகிறது.

சரி, கிராஃப் கூடாது என்று நான் சொல்வதாக எடுக்க வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்தப் படியின் படம் தெரிந்ததால்தான் அந்த மண்ணிறத்தை என்னால் பிடிக்க முடிந்தது. அன்ரியலின் மெட்டீரியல் எடிட்டர், கோடோவின் விஷுவல் ஷேடர், விஷுவல் ஸ்டுடியோ 2012இல் வந்த ஷேடர் டிசைனர், எல்லாம் முடிவில் கோடாகத்தான் ஜிபியுவுக்குப் போகின்றன. 'இது அரிச்சுவடி' என்று அனுபவசாலிகள் கீழே எழுதுவார்கள். இருக்கட்டும். பக்கத்தில் கேட்க ஆளில்லாமல் தனியே இருந்து படித்தவனுக்கு இது அரிச்சுவடி இல்லை.

கட்டம் இழுக்கிற வேலை என்று என்னிடம் சொன்னது கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வில். இரவு பஸ்ஸில் 300 கிலோமீட்டருக்கு மேல் போய், விடிய பஸ் நிலையத்தில் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு போனேன். பதினைந்து நிமிடம். கேமைத் திறந்தே பார்க்கவில்லை. இந்தப் பதினைந்து நிமிடத்தை ஸூமில் பேசக்கூடாதா? வன்னிப் பிள்ளைகள் எத்தனை பேர் இப்படிப் பஸ் காசு செலவழித்துப் போய் வருகிறார்கள்! அம்மா கட்டித் தந்த இடியப்பப் பார்சலைத் திரும்பி வரும்போது மாங்குளம் தாண்டித்தான் பிரித்தேன், புளித்துப்போயிருந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கிராஃபிலேயே தொடருங்கள். வாரம் ஒரு தடவையாவது அந்தப் பட்டனை அழுத்தி, நீங்கள் இணைத்த ஒரேயொரு நோட் கோடில் எங்கே வருகிறது என்று தேடுங்கள். வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில் கேமை 20 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்.