சான்றிதழ் இல்லாத போன் பதிவு விடுதலை வாங்கித் தருமா?

கேள்வி: கடத்தல், கொலை வழக்கில் என் தம்பிக்கு அமர்வு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்து மூன்று வாரம் ஆகிறது. போன் கம்பெனி கொடுத்த அழைப்புப் பட்டியலை 65-பி சான்றிதழ் (மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க, பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவு கேட்ட சான்றிதழ்) இல்லாமலேயே போலீஸ் தாக்கல் செய்திருக்கிறது. எங்கள் வக்கீல் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. “இது ஒன்றே போதும், ஹைகோர்ட்டில் விடுதலை வாங்கிவிடலாம்” என்கிறார் புது வக்கீல். நம்பலாமா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: சகோதரி, அந்த ஒன்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

சான்றிதழ் கட்டாயம்தான். 2014-ல் அன்வர் வழக்கிலும் 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்களுக்கு நேராகப் பொருந்துவது 2017-ல் வந்த சோனு எதிர் ஹரியானா அரசு தீர்ப்பு. அங்கும் கடத்தல், கொலை. அங்கும் சான்றிதழ் இல்லாத அழைப்புப் பட்டியல். விசாரணையில் அதைச் சான்றாவணமாகக் குறித்தபோது, அதாவது ‘மார்க்’ செய்தபோது, யாரும் ஆட்சேபிக்கவில்லை. அன்றே ஆட்சேபித்திருந்தால் அரசுத் தரப்பு குறையைச் சரிசெய்திருக்கும், அந்த வாய்ப்பைத் தராமல் மேல்முறையீட்டில் முதல்முறையாகக் கிளப்ப முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது.

எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு. ஆவணம் மார்க் ஆகும் அந்த அரை நிமிடத்தில் வக்கீல் எழுந்து, “ஆட்சேபணையைக் குறித்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் போதும். சொல்லாததற்குக் கட்சிக்காரர் அல்லவா சிறையில் இருந்து விலை கொடுக்கிறார்!

சரி, இப்போது எதைத் தேட வேண்டும்? சான்றிதழ் இல்லாதது நிரூபிக்கும் முறையில் உள்ள குறை. சாட்சியமாகவே ஏற்க முடியாதவை வேறு. அவற்றை எந்தக் கட்டத்திலும் எதிர்க்கலாம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அப்படிப்பட்டது. அதில் பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டுமே செல்லும். “கத்தியைக் கூரையில் ஒளித்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்” என்பது செல்லும்; “அந்தக் கத்தியால்தான் குத்தினேன்” என்பது செல்லாது. 1946-லேயே புலுகூரி கோட்டய்யா வழக்கில், பிரிட்டிஷ் ஆட்சிக்கால உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது இது. இருந்தும் முழு வாக்குமூலமும் வழக்குக் கட்டுக்குள் நுழைந்து, தீர்ப்பிலும் தலைகாட்டுவது உண்டு. சாட்சிகள் போலீசிடம் சொன்ன, பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 161-ஆம் பிரிவில் பதிவான வாக்குமூலங்களைத் தீர்ப்பு ஆதாரமாக எடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்படி ஒன்று கிடைத்தாலும் உடனே விடுதலை என்று எண்ணிவிடாதீர்கள். தவறாக ஏற்ற சாட்சியத்தை ஒதுக்கிய பிறகும் மற்றவை தண்டனைக்குப் போதுமானவையாக இருந்தால் தீர்ப்பு நிற்கும். அதனால் அந்தப் பட்டியலையும் வாக்குமூலத்தையும் எடுத்துவிட்டால் தம்பிக்கு எதிராக என்ன மிஞ்சுகிறது என்று புது வக்கீலிடம் நேராகக் கேளுங்கள். கடைசியாகச் சேர்ந்து பார்த்ததாகச் சொல்லும் சாட்சி உண்டா, கைப்பற்றிய பொருள் யாருடையது, இவைதான் வழக்கைத் தீர்மானிக்கும்.

உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான் கெடு. தீர்ப்பு, சாட்சி வாக்குமூலங்களின் சான்றிட்ட நகல்களுக்கு இன்றே மனுப் போடுங்கள். தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவும் மேல்முறையீட்டோடு சேர்ந்தே போகட்டும். வக்கீல் பீஸ் கட்ட முடியாவிட்டால், மதுரைக் கிளையில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். சிறையில் இருப்பவருக்கு இலவச வக்கீல் கிடைப்பது உரிமை.