வாசகர் கேள்வி – பதில்: வெள்ளைப் பூனையின் காதும் பங்குனி வெய்யிலும்

கேள்வி (வாசகி, கல்லடி): எங்கள் வீட்டு வெள்ளைக் கடுவன் பூனைக்கு எட்டு வயதாகிறது. பகலெல்லாம் மதிலின் மேலேயே படுத்துக் கிடக்கும். பங்குனி முதல் அதன் இரு காது நுனிகளும் சிவந்து, உரோமம் உதிர்ந்து, பொருக்குத் தட்டியுள்ளன. சண்டை பிடித்த காயம் என எண்ணி மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசுகிறோம். பொருக்கு விழுந்த இடத்தில் மீண்டும் பொருக்கே வருகிறது. இதற்கு வெய்யில் காரணமாக இருக்குமா?

பதில்: தாங்கள் எழுதியுள்ள நிறம், வயது, இடம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் வெய்யிலையே சந்தேகிக்க வேண்டும். சண்டைக் காயம் பெரும்பாலும் ஒரு காதில்தான் இருக்கும். கீறலாகவோ பல் பதிந்த துளையாகவோ தொடங்கி, இரண்டொரு கிழமையில் ஆறிவிடும். இரு காதுகளின் விளிம்பிலும் ஒரே விதமாக வந்து ஆறாமல் நிற்பதைச் சண்டைக் காயமென்று விட்டுவிட முடியாது.

வெள்ளை உரோமத்தின் கீழுள்ள தோலில், சூரியனின் கழியூதாக் கதிர்களை உறிஞ்சிக் கலங்களைக் காக்கும் மெலனின் என்ற நிறப்பொருள் இல்லை. உடலின் மற்றப் பகுதிகளை அடர்ந்த உரோமம் மறைத்துவிடுவதால், உரோமம் குறைந்த காது விளிம்பு, மூக்கு நுனி, கண்ணிமை ஆகியவையே அந்தக் கதிர்களை நேராக வாங்கிக்கொள்கின்றன. பூனையைப் பிடித்து வெளிச்சத்தில் ஒரு காதை விரித்துப் பாருங்கள். ஆரம்ப நிலையில் விளிம்பு இளஞ்சிவப்பாக, மெல்லிய செதிள்களுடன் இருக்கும். தொட்டால் பூனை பெரிதாக நோவதாகக் காட்டாது, அதிகம் சொறிவதும் இல்லை. நாளடைவில் விளிம்பு தடித்து உட்பக்கமாகச் சுருளும், பிறகு பொருக்கு வரும். (கண்ணுக்கும் காதுக்கும் இடையே உரோமம் ஐதாக இருப்பது எல்லாப் பூனைகளுக்கும் இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.) ஆண்டுக்கணக்கில் இப்படியே தொடர்ந்தால், பொருக்கின் கீழ் இரத்தம் கசியும் புண் உண்டாகி, அது செதிள்கலப் புற்றுநோய் எனப்படும் தோற் புற்றுநோயாக மாறக்கூடும். தங்கள் பூனை அந்தக் கட்டத்தை அடைந்துவிட்டதா என்பதை எழுத்தில் பார்த்துச் சொல்ல இயலாது. சொறிப் பூச்சியும் படர்தாமரையும்கூடக் காதோரத்தில் பொருக்கை உண்டாக்கும். நுளம்புக்கடி ஒவ்வாமை மூக்கிலும் காதிலும் புண்ணாக்கும். ஆகவே மிருக வைத்தியரிடம் காட்டித் தோலைச் சுரண்டிப் பார்ப்பதும், தேவையானால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பதும் அவசியம். புற்றுநோய் என்றாலும், காது நுனியோடு நிற்கும்போதே அந்தப் பகுதியை வெட்டி அகற்றினால் பெரும்பாலான பூனைகள் நன்றாக வாழ்கின்றன. அந்தச் சத்திரசிகிச்சைக்கு இங்கு வசதி இல்லையெனில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பும்படி தங்கள் வைத்தியரிடம் கேட்கலாம்.

மஞ்சள் நஞ்சல்ல. ஆயினும் பூனை அதை நக்கித் துடைத்துவிடும். எஞ்சிய மஞ்சள் நிறம் புண்ணின் உண்மை நிலையை வைத்தியரின் கண்ணுக்கு மறைத்துவிடும். அதைவிட ஆபத்தானவை வேறு உள்ளன. நாம் பூசும் வெய்யில் கிறீம்களிலும் கலமைன் லோஷனிலும் துத்தநாக ஒட்சைட்டு இருக்கும். சில கிறீம்களில் சலிசிலேற்று வகைகளும் உண்டு. இவற்றை நக்கி விழுங்கும் பூனைக்கு நஞ்சேறக்கூடும். டெட்டோல் போட்டுக் கழுவவும் கூடாது. நோவுக்கென்று பெனடோல் கொடுப்பதோ கொலைக்குச் சமம். ஒரே ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

எனவே நிழல்தான் மருந்து. காலை பத்து மணி முதல் பின்னேரம் நான்கு மணி வரை பூனையை வீட்டினுள் வைத்திருங்கள். இலங்கைக்கு மேலே சூரியன் நேர் உச்சியில் வருவது சித்திரையிலும், மீண்டும் ஆவணியிலும்தான் என்பதால், அந்தக் காலங்களில் கூடுதல் கவனம் வேண்டும். கச்சான் காற்று வீசும் நாட்களில் அனல் தாங்காமல் பூனை தானாகவே கட்டிலின் கீழ் புகுந்துவிடும். மேகம் மூட்டமாகவும் காற்றுக் குளிர்ச்சியாகவும் இருக்கும் நாட்களில்தான் அது மணிக்கணக்காக வெளியே கிடக்கும். மெல்லிய மேகம் கழியூதாக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. கடற்கரையோர வீடென்றால், காய்ந்த வெண்மணலும் அக்கதிர்களில் ஏறத்தாழ 15 வீதத்தைத் திருப்பி எறிகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கேள்வி (வாசகர், அக்கரைப்பற்று): எமது கறுப்புப் பூனையின் முதுகு செம்பட்டையாகிவிட்டது, வெய்யிலில் நின்றால் வரிவரியாகவும் தெரிகிறது. இது நோயா?

பதில்: முதுகில் மட்டும் என்றால் நோயல்ல. கறுப்பு மெலனின் வெய்யிலில் சிறிது சிறிதாகச் சிதைந்து செந்நிறம் காட்டும். பழைய உரோமம் உதிர்ந்து புதியது முளைக்கையில் கறுப்புத் திரும்பிவிடும். வரிகள் அதன் பிறவியிலேயே உள்ளவை. கறுப்பு அவற்றை மூடியிருந்தது. ஆனால் உரோமத்தைப் பிரித்துப் பார்க்கும்போது அடிவேரும் வயிற்றுப் பக்கமும்கூடச் செம்பட்டையாக இருந்தால், உணவைப் பார்க்க வேண்டும். மெலனின் உண்டாகத் தைரோசின் என்ற அமினோ அமிலம் தேவை. அது புரதத்திலிருந்தே கிடைக்கிறது. சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து வைத்தால் பூனைக்குக் கிடைப்பது சோறும் மணமும்தான். அந்த ஆணத்திலுள்ள வெங்காயம் வேறு பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். அவித்த மீனை உப்பும் தூளும் சேர்க்காமல், முள் நீக்கிக் கொடுங்கள். கோழியிறைச்சியும் முட்டையும் இடையிடையே சேரட்டும்.

கேள்வி (வாசகி, களுவாஞ்சிகுடி): வெய்யில் படாவிட்டால் பூனைக்கு விற்றமின் டி குறைந்து எலும்பு பலவீனமாகாதா?

பதில்: ஆகாது. மனிதரைப் போலப் பூனையால் தன் தோலில் விற்றமின் டி-யைப் போதிய அளவு உண்டாக்க முடியாது. அதற்குத் தேவையான மூலப்பொருளைப் பூனையின் உடல் வேறு பொருளாக விரைந்து மாற்றிவிடுகிறது. மீனிலும் ஈரலிலும் இருந்தே அது இந்த விற்றமினைப் பெறுகிறது. பூனை வெய்யிலைத் தேடுவது சூட்டுக்காக. அதன் உடல் வெப்பநிலை 38 பாகை செல்சியசுக்கு மேல் என்பதால், நமக்குப் புழுக்கமான இடம் அதற்கு இதமாக இருக்கும். அந்தச் சூட்டை விறாந்தை நிழலில் விரித்த ஒரு பழைய சாக்கும் கொடுக்கும்.