பையன் சினிமா படிக்கணும் என்கிறானா? முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்

குடியாத்தம் அண்ணனுக்கு,

பிளஸ் டூ முடித்த பையன் ராத்திரி முழுக்க போனில் இத்தாலிப் படம், பிரெஞ்சுப் படம் என்று பார்க்கிறான், எஞ்சினியரிங் கவுன்சலிங் பக்கமே வரமாட்டேன் என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். பார்க்கட்டும். ஆனால் அவன் சும்மா பார்க்கிறானா, படிக்கிறானா என்று தெரிய, "இதை ஏன்டா இப்படி எடுத்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

1948இல் வந்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' அவன் கண்டிப்பாகப் பார்த்திருப்பான். போர் முடிந்த இத்தாலியில் ஸ்டுடியோக்கள் சீர்குலைந்து கிடந்தன, ரோமின் பெரிய ஸ்டுடியோ அகதி முகாமாக இருந்தது, அதனால் இயக்குநர்கள் தெருவில் இறங்கிப் படம் எடுத்தார்கள் என்று சொன்னால் பாதி மார்க். அந்தப் படத்துக்குக் கேரி கிராண்டைப் போட்டால் பணம் தருகிறேன் என்று ஹாலிவுட் தயாரிப்பாளர் ஒருவர் சொல்லியும், இயக்குநர் டி சிகா ஒரு ஃபேக்டரி தொழிலாளியைத்தான் நாயகனாகப் போட்டார். அது ஏன் என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டான் என்றால் பையன் தேறுவான். கோடார், த்ரூஃபோ என்று பிரெஞ்சு இயக்குநர்கள் பெயரை மட்டும் அடுக்கினால் திரைப்படக் கல்லூரி இன்டர்வியூவில் உட்கார்ந்திருப்பவர்கள் அசரமாட்டார்கள். அந்த இயக்குநர்களே முதலில் விமர்சனம் எழுதிப் பழகி, அப்புறம்தான் கேமராவைத் தொட்டவர்கள்.

அடுத்தது செய்முறை, செலவே இல்லை. புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவில் ஃபிலிம் தட்டுப்பாடு. அங்கே சினிமா சொல்லிக்கொடுத்த இயக்குநர் குலஷோவ் பழைய படத்துண்டுகளை வெட்டி ஒட்டியே மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். சலனமில்லாத ஒரே முகம்தான், அடுத்து சூப் கிண்ணம் வந்தால் பசி தெரிகிறது, சவப்பெட்டி வந்தால் துக்கம் தெரிகிறது. உங்கள் தறியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் முகத்தையே பையன் எடுக்கட்டும், கூடவே வேறு மூன்று ஷாட், வசனம் கூடாது. எடிட்டிங்கும் போனிலேயே செய்யலாம். இதற்கே சலித்துக்கொண்டான் என்றால் ஆசை படம் பார்ப்பதில்தான், எடுப்பதில் இல்லை.

சரி, எங்கே சேர்ப்பது? தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி பிளஸ் டூ முடித்தவர்களை எடுக்கிறது, முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். புனே, கொல்கத்தா இன்ஸ்டிட்யூட்களில் பெரும்பாலான படிப்புகளுக்கு டிகிரியும் நுழைவுத்தேர்வும் வேண்டும், ஆகவே தரமணி கிடைக்காவிட்டால் விஸ்காமோ (விஷுவல் கம்யூனிகேஷன்) தமிழ் இலக்கியமோ அவனுக்குப் பிடித்த ஒரு டிகிரியை முடிக்கட்டும். லட்சக்கணக்கில் கேட்கிற குறுகியகாலத் தனியார் கோர்ஸுக்கு மட்டும் தறியை அடமானம் வைத்துவிடாதீர்கள், அட்வான்ஸ் கட்டும் முன் அங்கே படித்து முடித்தவர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள்.

வருமானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இயக்குநர் ஆவதற்கு உத்தரவாதம் யாரும் தரமுடியாது. எடிட்டிங், சவுண்ட் மாதிரி தொழில் கையில் இருந்தால் விளம்பரம், டிவி, யூடியூப் என்று பிழைக்க வழி இருக்கிறது. சத்யஜித் ராயே விளம்பரக் கம்பெனி வேலையில் இருந்துகொண்டுதான் முதல் படத்தை எடுத்தார். 1955இல் வந்தது.

அந்தத் தறி வீடியோ தயாரானதும் வேலூர் ஆபீசுக்கு வாருங்கள். பையன்தான் பேசணும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.