நிற்கும்போது உதறும் டீசல் கார்: சென்சாரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: 2016ஆம் ஆண்டு வாங்கிய என் டீசல் கார் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் உதறுகிறது, ஆர்.பி.எம். முள் 750க்கும் 950க்கும் இடையே ஏறி இறங்குகிறது. இன்ஜின் லைட்டும் எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்ததில் பி0191 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வந்தது. ஃபியூயல் பிரஷர் சென்சார் போய்விட்டது, தனியாகக் கிடைக்காவிட்டால், இன்ஜின் சிலிண்டர்களுக்கு டீசலைப் பகிரும் ரெயில் என்ற குழாயோடு சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
- வாசகர், வேளச்சேரி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சென்சார் அனுப்பும் அளவு எதிர்பார்த்த வரம்போடு ஒத்துப்போகவில்லை என்பதைத்தான் பி0191 சொல்கிறது. சென்சார் பொய் சொன்னாலும் இந்தக் கோடு வரும். வயரிங் கெட்டாலும் வரும். ரெயிலில் டீசல் அழுத்தம் உண்மையிலேயே தாறுமாறாக இருந்து, அதைச் சென்சார் சரியாகச் சொன்னாலும் வரும். காய்ச்சலைக் காட்டும் தெர்மாமீட்டரை மாற்றுவதால் காய்ச்சல் இறங்காது. எனவே, பழுது அழுத்தத்திலா, அதை அளப்பதிலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை.

இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்கேனரின் நேரடி அளவுகளில் ரெயில் பிரஷரைப் பாருங்கள். அப்போது ரெயிலில் அழுத்தம் இருக்க வழியில்லை என்பதால் பூஜ்யமோ, அதையொட்டிய அளவோ காட்ட வேண்டும். பல கார்களில் சென்சாரின் சிக்னல் வயரில் ஏறத்தாழ 0.5 வோல்ட் இருக்கும். இன்ஜின் ஓடாதபோதே 40, 50 பார் (அழுத்தத்தின் அலகு) என்று காட்டினால் சென்சார் மீதோ அதன் எர்த் மீதோ சந்தேகப்படலாம்.

அடுத்து ஸ்டார்ட் செய்து, காரின் கணினி கேட்கும் அழுத்தத்தையும் உண்மையில் இருக்கும் அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சூடேறிய காமன் ரெயில் டீசல் இன்ஜினில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும் ஐடிலிங்கில் அழுத்தம் பெரும்பாலும் 250 முதல் 350 பார் வரை இருக்கும். அளவு அலைபோல மெதுவாக ஏறி இறங்கி, இன்ஜின் சத்தமும் அதோடு சேர்ந்தே ஏறி இறங்கினால் அழுத்தமே நிலையாக இல்லை என்று கொள்ளலாம். மாறாக, இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது அளவு மட்டும் 280இலிருந்து 700க்குத் தாவி, கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பினால், அப்படித் தாவ டீசலால் முடியாது. அது மின்சாரப் பழுது. அப்போது ஒருவர் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் சென்சாருக்குப் போகும் வயரை லேசாக அசைத்துப் பார்த்தால், பெரும்பாலும் பழுதான இடம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பார்க்காமல் எந்தச் சென்சாரையும் வாங்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் புயல் மழையையும் பார்த்த ஊர் இது. வேளச்சேரியில் உங்கள் கார் தண்ணீரில் நின்றிருந்தால் பின்களில் பச்சை பூத்திருக்க வாய்ப்பு அதிகம். வழக்கமான மூன்று வயர்களில் ஒன்றில் 5 வோல்ட் வர வேண்டும், ஒன்று எர்த், மற்றது சிக்னல். அந்த 5 வோல்ட் வராவிட்டால் குற்றம் இந்தச் சென்சாருடையது அல்ல. அதே 5 வோல்ட்டைப் பகிரும் வேறொரு சென்சார் ஷார்ட் ஆகியிருக்கலாம்.

அழுத்தமே அலைபாய்கிறது என்று தெரிந்தால் டீசல் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். அடியில் தேங்கிய தண்ணீரை வடித்து, ஃபில்டர் பழையதென்றால் மாற்றி, பம்ப்புக்கு வரும் ஹோஸில் காற்றுக்குமிழி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, பம்ப்புக்குள் போகும் டீசலைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வு. அது சிக்கினால் நீங்கள் சொல்வது போலவே முள் ஆடும். அடுத்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவு, அதாவது அவை திருப்பி அனுப்பும் டீசலின் அளவு: ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில் மாட்டி ஓடவிட்டால், எதன் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ, அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது.

ஓர் எச்சரிக்கை. பழைய டீசல் இன்ஜின்களில், ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, சரியாக வேலை செய்யாத (மிஸ்ஸிங்) சிலிண்டரைக் கண்டுபிடிக்கும் வழக்கம் இருந்தது. காமன் ரெயில் இன்ஜினில் இதை ஒருபோதும் செய்ய அனுமதிக்காதீர்கள். நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்; சின்னப் புள்ளியாகத் தெரியும் காயத்துக்கே அவசர அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சென்சார்தான் என்று உறுதியானால், புதுப்பேட்டையில் பழையதை வாங்க வேண்டாம். கதவும் பம்பரும் கண்ணால் பார்த்து வாங்கலாம். சென்சாரின் துல்லியம் கண்ணுக்குத் தெரியாது. அதே பார்ட் நம்பரில் புதியதை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் விசாரியுங்கள். சில மாடல்களில் மாற்றிய பிறகு ஸ்கேனர் மூலம் கணினிக்குப் புதிய சென்சாரைப் பழக்க வேண்டியிருக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னுடையது பெட்ரோல் கார். ஐடிலிங் சரியில்லை. எனக்கும் இந்தச் சென்சார்தான் காரணமா?
- வாசகி, அம்பத்தூர்

பதில்: நேரடி இன்ஜெக்‌ஷன் வகை டர்போ பெட்ரோல் கார் என்றால் அந்தச் சென்சார் இருக்கும். சாதாரண பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இருக்காது. அழுத்தமும் 3, 4 பார் அளவில்தான் இருக்கும். த்ராட்டில் பாடியில் படிந்த கரி, தேய்ந்த ஸ்பார்க் பிளக், பலவீனமான இக்னிஷன் காயில், விரிசல் விட்ட வாக்குவம் ஹோஸ் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏ.சி. போட்டால் மட்டும் ஸ்டீயரிங் அதிர்கிறது. ஆர்.பி.எம். முள் அசையவே இல்லை.
- வாசகர், பெரம்பூர்

பதில்: முள் அசையாவிட்டால் எரிபொருளைச் சந்தேகிக்கும் முன், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகளைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, ஏ.சி. கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும் நொடியில் இன்ஜின் ஒரு பக்கமாக எகிறுகிறதா, மவுண்ட் ரப்பரில் வெடிப்போ எண்ணெய்க் கசிவோ இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.