14 நாளில் 8 ஊர் வேண்டாம், அம்மா

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். சீனாவைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அக்டோபர் 1-ம் தேதி கிளம்பி 14 நாளில் பெய்ஜிங், சியான், லுவோயாங், செங்டு, குய்லின், ஷாங்காய், ஹாங்சோ, ஹாங்காங் என்று 8 ஊர் எழுதி வைத்திருக்கிறோம். டூர் கூட்டத்தோடு போக விருப்பமில்லை. அவருக்கு முட்டி வலி உண்டு. இருவரும் சைவம். திட்டம் சரிதானா?
- வாசகி, மதுரை

பதில்: முதலில் தேதியை மாற்றுங்கள், அம்மா. அக்டோபர் 1 சீனாவின் தேசிய தினம். அந்த ஒரு வாரம் அந்த நாடே ஊர் சுற்றக் கிளம்பிவிடும். ரயிலிலும் இடம் இருக்காது, ஓட்டலிலும் இருக்காது. 10-ம் தேதிக்குப் பிறகு போனால் இதமான குளிரும் இருக்கும், ஓரளவு நடமாட இடமும் இருக்கும்.

அடுத்து ஊர்கள். ரயில் என்னவோ வேகம்தான். பெய்ஜிங்கிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சியானுக்கு நாலரை, ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் அறையைக் காலி செய்து, விமான நிலையம் போலப் பரந்த ஸ்டேஷனில் சோதனை முடித்து, அடுத்த ஊரில் ஓட்டலைத் தேடிப் பையை வைப்பதற்குள் ஒரு பகல் போய்விடும். 8 ஊர் என்றால் 7 முறை அப்படி. அவருடைய முட்டிக்கு இது நல்லதல்ல. 3 ஊர் போதும் என்பது என் கருத்து. பெய்ஜிங்கில் 5 இரவு, சியானில் 4, தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கும் சுவான்ஜோவில் 3. மீதி நாள் பயணத்துக்கு.

பெய்ஜிங்கில் பழைய பேரரசர்களின் அரண்மனை நகரம் திங்கட்கிழமை மூடியிருக்கும். வாசலில் டிக்கெட் தருவதில்லை. ஏழு நாள் முன்பு இணையத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். தெற்கு வாசலில் நுழைந்தால் வடக்கே வெளியேறும் நீண்ட நடை அது, அரை நாள் ஒதுக்குங்கள். பெருஞ்சுவரைப் பார்க்க முதியான்யூ பகுதிக்குப் போங்கள். மேலே ஏற கேபிள் கார் உண்டு.

சியானில் சுடுமண் வீரர் சிலைகளை எல்லோரும் பார்ப்பார்கள். 1974-ல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டெடுத்தவை அவை. நீங்கள் பெரிய காட்டுவாத்து கோபுரத்துக்கும் ஒரு மாலை கொடுங்கள். யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஏடுகளைக் காக்க 652-ல் எழுப்பியது. நம் காஞ்சிபுரத்தைப் பற்றியும் எழுதியவர் அவர். லுவோயாங்கை விட மனமில்லையென்றால் சியானிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம், காலையில் போய் இரவு திரும்பலாம். அங்குள்ள லோங்மென் புத்தர் குகைகளில் படிகள் அதிகம். அன்று முட்டி வலித்தால் விட்டுவிடுங்கள்.

சுவான்ஜோ உங்கள் பட்டியலிலேயே இல்லை. ஆனால் தமிழர்கள் சீனா போய் இந்தத் துறைமுக நகரத்தைப் பார்க்காமல் வரக்கூடாது என்று நினைக்கிறேன். சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் காலத்தில் தமிழ் வணிகர்கள் இங்கே சிவன் கோயில் கட்டி வாழ்ந்தார்கள். சம்பந்தப் பெருமாள் என்பவர் 1281-ல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இந்த ஊரில்தான் கிடைத்தது. கையுவான் புத்த கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கம் போங்கள். அழிந்துபோன இந்துக் கோயிலின் தூண்கள் இரண்டு அங்கே நிற்கின்றன. அவற்றில் கண்ணன், நரசிம்மர் எல்லாம் நம் ஊர்க் கோயில் தூணில் இருப்பது போலவே இருக்கும். அவசரப்படாமல் நின்று பாருங்கள். கடல்வணிக அருங்காட்சியகத்திலும் இப்படிப்பட்ட சிற்பங்கள் நிறைய உண்டு, அதற்கு ஒரு நாள் வேண்டும். சியானிலிருந்து பக்கத்து நகரமான சியாமெனுக்கு விமானம், அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். திரும்பும்போது சியாமெனிலிருந்தே சிங்கப்பூர் வழியாகச் சென்னை வரலாம். போக பெய்ஜிங், வர சியாமென் என்று ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

அப்புறம் பணம். பல கடைகளில் போனைக் காட்டித்தான் கொடுக்கல் வாங்கல். அலிபே செயலியை இங்கேயே இறக்கி, உங்கள் கார்டையும் பாஸ்போர்ட்டையும் இணைத்துவிடுங்கள். கூகுள், வாட்ஸ்அப் அங்கே திறக்காது. நம் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் வேலை செய்யும்.

சாப்பாட்டுக்கு, 'இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு எதுவும் வேண்டாம்' என்று சீன மொழியில் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். எலும்புச் சாறைச் சொல்லாவிட்டால் காய்கறி சூப்பிலும் அது வந்துவிடும். பெரிய புத்த கோயில்களை ஒட்டிச் சைவ உணவகம் இருப்பதுண்டு. கோயில் பார்க்கிற நாளில் மதியச் சாப்பாட்டை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.