மூக்கு வழியா கட்டி ஆபரேஷன்: 3 எஃப்.டி.யும் உடைக்கணுமா?

கேள்வி: சார், என் மனைவிக்கு 36 வயசு. மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பில 2.4 செ.மீ. கட்டி, கண் நரம்ப அழுத்துதாம், ஓரப்பார்வை மங்குது. மூக்கு வழியா எண்டோஸ்கோப்ல எடுக்க அடுத்த மாசம் தேதி, எஸ்டிமேட் 4.8 லட்சம். 4 வருஷமா 5 லட்ச ஹெல்த் பாலிசி இருக்கு, அதுல ரூம் வாடகை நாளுக்கு 5,000 வரைதான், தனி ரூம் 8,000. பெரிய வியாதி வந்தா மொத்தமா பணம் குடுக்கற கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசில 20 லட்சம் வந்துடும்னு ஏஜெண்ட் சொல்றார். தலா 2 லட்சத்துல 3 எஃப்.டி. இருக்கு, எல்லாத்தையும் உடைச்சிடவா? – ஈரோடு வாசகர்

பதில்: உடைக்காதீங்க சார், கொஞ்சம் பொறுங்க. முதல்ல அந்த 20 லட்சத்த கணக்குலேர்ந்து எடுத்துடுங்க. இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. குடுத்திருக்கிற பொது வரையறையில புற்று இல்லாத மூளைக்கட்டிக்கு கவர் உண்டு, ஆனா அதுலயே பிட்யூட்டரி கட்டி சேராதுன்னு தனியா ஒரு வரி இருக்கும். இதே இடத்துல மெனிஞ்சியோமாவா, அதாவது மூளைய மூடியிருக்கிற உறையில வர்ற கட்டியா இருந்திருந்தா கதையே வேற. ஏஜெண்ட்ட அந்தப் பக்கத்த விரல் வச்சு காட்டச் சொல்லுங்க.

அடுத்தது ரூம். 8,000 ரூம் எடுத்தா நாளுக்கு 3,000 தானே கையிலிருந்து போகும்னு நினைக்கிறீங்க, அங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் சார்ஜுன்னு ரூமோட ஒட்டின பில் எல்லாத்தையும் 8,000-க்கு 5,000ங்கற கணக்குல எட்டுல அஞ்சு பங்கா வெட்டிடுவாங்க, அந்த பில் 3.2 லட்சம்னு வச்சுக்கிட்டா 1.2 லட்சம் உங்க தலையில. மருந்து, இம்ப்ளாண்ட், டெஸ்டுக்கு, ஐ.சி.யூ.க்கு இந்த வெட்டு கிடையாது. இந்த ஆபரேஷன்ல இ.என்.டி. டாக்டரும் நியூரோ சர்ஜனும் சேந்து நிப்பாங்க, அதனால டாக்டர் ஃபீஸே ரெண்டு. ஷேரிங் ரூமுக்கு மாறிடுங்க, முதல் நாள் எப்படியும் ஐ.சி.யூ.லதான் இருப்பாங்க.

எஃப்.டி. எதுக்குன்னா, பின்னால வர்ற செலவுக்கு. கட்டிய எடுத்ததும் மூளைக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு ஓட்டை நிக்கும், அத தொடைக் கொழுப்பு, மூக்கு நடுச்சுவரோட சவ்வு இதெல்லாம் வச்சு அடைப்பாங்க. அது சரியா ஒட்டலைன்னா மூளைத் தண்ணி கசியும், குனிஞ்சா மூக்குலேர்ந்து தெளிவா சொட்டும், தொண்டையில உப்பு கரிக்கும். உடனே ஆஸ்பத்திரி போயாகணும், முதுகுல ட்யூப் போடலாம், திரும்ப தியேட்டருக்கும் போகலாம், அப்ப 5 லட்சம் பத்தாது. அதனாலதான் சில வாரம் மூக்கு சிந்தாதே, முக்காதே, கனம் தூக்காதேன்னு சொல்வாங்க, வீட்டுல தண்ணிக்குடம் உங்க வேலைதான் சார்.

ரத்தத்துல இருக்கற சோடியம் உப்பு இன்னொண்ணு. டிஸ்சார்ஜ் ஆகி வீட்ல நல்லா இருக்காங்கன்னு நினைக்கும்போது, ஆபரேஷன் ஆகி ஒரு வாரம் வாக்குல திடீர்னு இறங்கும், தலைவலி வாந்தின்னு வந்து நிப்பாங்க. டாக்டர் எழுதற ரத்த டெஸ்ட சில நூறு ரூபாய்க்காக தள்ளிப்போடாதீங்க. பிட்யூட்டரி சுரக்கறது குறைஞ்சுட்டா சிலருக்கு ஸ்டீராய்டு, தைராய்டு மாத்திரை ஆயுசுக்கும் இருக்கும், எம்.ஆர்.ஐ.யும் வருஷாவருஷம் வரும். டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 60 நாள் பில் நிறைய பாலிசில கிளெய்ம் ஆகும், உங்களுதுல எத்தனை நாள்னு பாத்துட்டு சீட்டெல்லாம் ஒரே கவர்ல போட்டு வைங்க.

அவசரம்னா ஒரு எஃப்.டி. மேல மட்டும் லோன் போடுங்க, 90 சதவீதம் வரை பேங்க்லயே குடுப்பாங்க, டெபாசிட் வட்டிய விட ஒண்ணு ரெண்டு சதவீதம்தான் கூட. மத்த ரெண்டையும் தொடாதீங்க. ரூம் மாத்தற விஷயத்த மட்டும் இன்னைக்கே இன்சூரன்ஸ் டெஸ்க்ல சொல்லிடுங்க, முன் அனுமதி லெட்டர் 8,000 ரூமுக்குப் போயிட்டா அப்புறம் கவுண்டர் கவுண்டரா அலையணும்.