பறவை எழும்போது கட்டைவிரல் எங்கே இருக்கிறது? ஷாட்கன் சேஃப்டி: கேள்வி பதில்

வேட்டையில் சேஃப்டியை, அதாவது துப்பாக்கியின் விசையைப் பூட்டி வைக்கும் பொத்தானை, மறப்பது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கதைதான்: பறவை எழுந்தது, விசையை இழுத்தேன், சுடவில்லை. சேஃப்டியைத் திரும்பப் போட மறப்பதைப் பற்றிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. எடுக்க மறந்தால் ஒரு பறவை தப்பும். போட மறந்தால் கூட வந்த ஆள் தப்புவாரா என்பதுதான் கேள்வி. இதை மனதில் வைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், வருஷம் முழுக்க, பயிற்சிக்காக வானத்தில் எறியும் களிமண் தட்டு சுடுகிறேன், நன்றாகவே விழும். வேட்டைக்குப் போனால் முதல் நாளே சேஃப்டியை எடுக்க மறந்து, அசையாத விசையை இழுத்துக்கொண்டு நிற்கிறேன். ஏன் இப்படி?

நீங்கள் நன்றாகப் பழகியிருப்பதால்தான். தட்டு சுடும் இடத்தில் சேஃப்டிக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. உங்கள் முறை வரும்வரை துப்பாக்கி திறந்தே இருக்கும். நிற்க வேண்டிய இடத்துக்கு வந்த பிறகுதான் தோட்டா போட்டு மூடுகிறீர்கள். குரல் கொடுக்கிறீர்கள், தட்டு கிளம்புகிறது, சுடுகிறீர்கள். இதற்கென்றே செய்த துப்பாக்கிகள் பலவற்றில் சேஃப்டி தானாகப் பூட்டிக்கொள்ளாது, சிலவற்றில் சேஃப்டியே இருக்காது. ஆயிரக்கணக்கான முறை உங்கள் கை கற்ற பாடம் "தோளுக்கு ஏற்று, இழு" என்பது மட்டும். திடீரென்று பறவை எழும் அந்த ஒரு நொடியில் மூளை யோசிப்பதில்லை, கை தனக்குத் தெரிந்ததைச் செய்துவிடுகிறது.

அதனால் "இனிமேல் மறக்கக் கூடாது" என்று உறுதி எடுப்பதால் பயன் இல்லை. கைக்கு வேறு பாடம் சொல்லித்தர வேண்டும். சீசனுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தட்டு சுடும்போதும் சேஃப்டி போட்டு, கட்டையை, அதாவது துப்பாக்கியின் பின்பகுதியை, தோளில் வைக்காமல் அக்குளுக்குக் கீழே இறக்கிப் பிடித்துத் தொடங்குங்கள். நாலைந்து தட்டு வீணாகும். போகட்டும்.

அண்ணா, வீட்டில் எப்படிப் பழகுவது? ஒவ்வொரு படியாகச் சொல்ல முடியுமா?

முதலில் துப்பாக்கியைத் திறந்து பாருங்கள். குழலுக்குள் பார்த்து, விரலை விட்டுத் தடவியும் பாருங்கள். பம்ப் (முன்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது), ஆட்டோ (அது தானாக ஏறுவது) என்றால் கீழே தோட்டா அடுக்கும் குழாயையும் பார்க்க வேண்டும். உண்மையான தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. டம்மி தோட்டா இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், தோட்டாவை அடிக்கும் ஊசிக்கு நல்லது. குழல் பார்க்கும் திசை ஆள் இல்லாத, கனமான சுவராக இருக்கட்டும்.

கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி என்று வைத்துச் சொல்கிறேன். கட்டை அக்குளுக்கும் இடுப்புக்கும் நடுவில், குழல் முனை கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் சேஃப்டி மேல். ஆள்காட்டி விரல் விசையைச் சுற்றிய வளையத்துக்கு வெளியே நீட்டி இருக்கட்டும். சுவரின் மேல்மூலையைப் பறவை என்று நினைத்துக்கொள்ளுங்கள். முன்கை குழலை அந்த மூலை நோக்கித் தள்ளும்போதே கட்டை மேலே வரும், அந்த ஓட்டத்திலேயே கட்டைவிரல் சேஃப்டியை முன்னால் தள்ளுகிறது. கன்னம் கட்டையைத் தொடும்போது சேஃப்டி விலகியிருக்க வேண்டும். கட்டைவிரல் அங்கேயே உட்கார்ந்திருக்கக் கூடாது, பக்கவாட்டில் சரிந்து பிடியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் துப்பாக்கி உதைக்கும்போது துப்பாக்கியைத் திறக்கும் மேல் லீவர் விரலைக் கிழித்துவிடும். கடைசியாகத்தான் ஆள்காட்டி விரல் விசைக்குப் போகிறது.

பாதி பேர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சுடாமல் கீழே இறக்குவதையும் பழக வேண்டும். விரல் வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கட்டைவிரல் சேஃப்டியைப் பின்னால் இழுக்கிறது, அதன் பிறகுதான் கட்டை தோளை விட்டு இறங்குகிறது. ஏறும்போது தள்ளு, இறங்கும்போது இழு. இரண்டும் சேர்ந்து ஒரே பழக்கம். தினமும் இருபது முறை, மெதுவாக. வேகம் அதுவாக வரும்.

நாய் பறவையைக் கண்டு நின்றவுடனே சேஃப்டியை எடுத்துவிட்டு நடந்தால் மறக்கும் பிரச்சினையே இல்லையே?

வேண்டவே வேண்டாம். நாய் நின்ற பிறகுதான் நீங்கள் மிக மோசமாக நடக்கிறீர்கள். கண் புதரில் இருக்கிறது, காலடியில் இல்லை. வேர் இருக்கும், பள்ளம் இருக்கும், பக்கத்தில் ஆள் இருப்பார். தடுக்கி விழும் யாரும் கையை இறுக்கிக்கொள்வார்கள், விரல் எங்கே போய் இறுகும் என்பது நம் கையில் இல்லை. தவிர, இதனால் நேரமும் மிச்சமாவதில்லை. மேலே சொன்னபடி பழகினால் சேஃப்டி எடுப்பது துப்பாக்கி ஏறும் நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

போன வாரம் விசை அசையவில்லை என்றதும் பதறிப்போய், விசையில் விரல் இருக்கும்போதே சேஃப்டியைத் தள்ளிவிட்டேன். உடனே வெடித்தது. பறவை இருந்த திசையே வேறு. துப்பாக்கியில் கோளாறா?

சேஃப்டி விலகிய நொடியில் விசையில் உங்கள் விரலின் முழு அழுத்தமும் இருந்தது. அதனால்தான் வெடித்தது. இதில் பெரிய ஆபத்து, குழல் அப்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது உங்களுக்கே தெரியாது. விசை அசையவில்லையா, அந்தப் பறவை உங்களுடையது இல்லை என்று விட்டுவிடுங்கள். விரலை வெளியே எடுங்கள், குழலை வானத்துக்குத் திருப்புங்கள், சேஃப்டியைத் தொட்டுப் பாருங்கள்.

கோளாறு இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடலாம். துப்பாக்கி காலி என்பதை உறுதி செய்துகொண்டு, அது காக் ஆன நிலையில், அதாவது விசையை இழுத்தால் அடிக்கத் தயாரான நிலையில், சேஃப்டி போட்டு விசையை நன்றாக அழுத்துங்கள். விரலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். இப்போது சேஃப்டியைத் தள்ளுங்கள். உள்ளே "டிக்" என்று சத்தம் கேட்டால் அது பழுதான துப்பாக்கி. துப்பாக்கி மெக்கானிக் பார்க்கும்வரை தோட்டா போடாதீர்கள்.

ஐயா, நீங்கள் போட மறந்தது உண்டா?

உண்டு. ஒரு விடியற்காலை, நல்ல பனி, தடித்த கையுறை. ஒரு பறவை எழுந்தது, துப்பாக்கியை ஏற்றினேன். அது நண்பர் நின்ற பக்கம் திரும்பியதால் சுடாமல் இறக்கினேன். சரியாகத்தான் செய்தேன் என்று எனக்கு ஒரு திருப்தி. அப்புறம் குறுகிய பாதை, அவர் முன்னால், நான் பின்னால். அரை மணி நேரம் நடந்திருப்போம். தண்ணீர் குடிக்க நின்றபோது கையுறையைக் கழற்றி, பழக்கத்தில் கட்டைவிரலை வைத்தேன். சேஃப்டி முன்னால் இருந்தது. கையுறைக்குள் விரல் அசைந்ததை, சேஃப்டி அசைந்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தோட்டாக்களை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இரண்டும் குளிர்ந்திருந்தன. அவர் முதுகில் பையின் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது கூட இன்னும் நினைவிருக்கிறது. அவரிடம் அப்போதே சொன்னேன். அன்று அதற்கு மேல் நான் தோட்டா போடவில்லை. அதிலிருந்து கட்டைவிரல் பகுதி வெட்டிய கையுறைதான்.

சேஃப்டி போட்டிருந்தால் கீழே விழுந்தாலும் வெடிக்காது, சரிதானே?

சரியில்லை. பெரும்பாலான ஷாட்கன்களில் சேஃப்டி பூட்டுவது விசையை மட்டும்தான். உள்ளே ஹேமர், அதாவது ஊசியை அடிக்கும் சுத்தியல், ஸ்பிரிங்கின் முழு அழுத்தத்தோடு, ஒரு சின்ன எஃகுக் கொக்கியின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த விளிம்பு தேய்ந்திருந்தால் பலமான அடியில் நழுவலாம், விசையை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஹேமரை உள்ளே மறைத்த இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பலவற்றுக்கு ஆன்சன், டீலி என்ற இரு துப்பாக்கித் தொழில்காரர்கள் 1875இல் காப்புரிமை பெற்ற பாக்ஸ்லாக் அமைப்புதான் இன்றுவரை அடிப்படை. அதிலும் சாதாரணமாக விசைதான் பூட்டப்படுகிறது. இந்த அமைப்பைப் பக்கத் தகடுகளில் பொருத்திய நல்ல சைட்லாக் துப்பாக்கிகளில் ஹேமர் நழுவினால் குறுக்கே வந்து தடுக்க இரண்டாவது கொக்கி ஒன்று இருக்கும். அதை நம்பியும் குழலை ஆள் பக்கம் திருப்பக் கூடாது.

வேலி தாண்டும்போது சேஃப்டி போட்டால் போதுமா?

போதாது. தோட்டாவை எடுங்கள். படகில் ஏறும்போதும், வண்டியில் வைக்கும்போதும் அதேதான். நாய் காலை வைத்து விசை அழுந்திய விபத்துகள் உண்மையிலேயே நடந்திருக்கின்றன.

நண்பரின் பம்ப் துப்பாக்கியை வாங்கிப்போனேன். என் கட்டைவிரல் சேஃப்டியைத் தேடுவதற்குள் வாத்து போய்விட்டது. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வைக்க மாட்டார்களா?

வைப்பதில்லை. ரெமிங்டன் 870இல் விசைக்குப் பின்னால் குறுக்கே தள்ளும் பொத்தான். வின்செஸ்டர் மாடல் 12இல் அதே மாதிரிப் பொத்தான் விசைக்கு முன்னால். மாஸ்பெர்க் 500இல் மேலே, பின்பக்கம், கட்டைவிரலுக்கு. குறுக்குப் பொத்தானில் சிவப்பு வளையம் தெரிந்தால் சுடத் தயார் என்று அர்த்தம். ஆனால் பழைய துப்பாக்கியில் அந்தச் சாயம் போயிருக்கும், கண்ணை நம்பாதீர்கள், தொட்டுப் பழகுங்கள். இரவல் துப்பாக்கி என்றால் காலியாக வைத்து ஐம்பது முறையாவது ஏற்றி இறக்கிவிட்டுப் போங்கள். முடிந்தால் எல்லா வேட்டைக்கும் ஒரே வகை சேஃப்டி உள்ள துப்பாக்கியையே வைத்துக்கொள்வது நல்லது.

நான் இடதுகைக்காரன்.

மேலே கட்டைவிரலுக்கு இருக்கும் சேஃப்டிதான் உங்களுக்கு நல்லது, இரண்டு கைக்கும் அது ஒன்றுதான். குறுக்குப் பொத்தான் என்றால் திசை மாற்றித் தரச் சொல்லுங்கள். பல மாடல்களுக்கு இடதுகைப் பொத்தான் கிடைக்கிறது.

என் மேல்கீழ் குழல் (ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழல்) துப்பாக்கியில் சில சமயம் சேஃப்டி முன்னால் போகாமல் சிக்கிக்கொள்கிறது.

அந்தப் பொத்தானிலேயே எந்தக் குழல் முதலில் என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பும் இருக்கிறதா? அப்படியானால் அது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நடுவில் நிற்கிறது. காலையிலேயே ஒரு பக்கம் முழுவதுமாகத் தள்ளி வைத்துவிட்டு, அன்று முழுக்கத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் சேஃப்டி தானாகப் பூட்டிக்கொள்கிறது. இதனால்தான் மறக்கிறேன். அந்த அமைப்பையே எடுத்துவிடச் சொல்லலாமா?

தட்டுக்கு மட்டும் என்றால் எடுத்துவிடலாம். வேட்டைக்கு என்றால் என் கருத்து, இருக்கட்டும். இரண்டு குழலையும் சுட்டுவிட்டு அவசரமாகத் தோட்டா மாற்றும்போது உங்கள் கண் வானத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் உங்களுக்குப் பதிலாக அது நினைவு வைத்துக்கொள்கிறது.

தாத்தாவின் பழைய துப்பாக்கி, வெளியே இரண்டு ஹேமர். சேஃப்டியே இல்லை.

அந்தக் காலத்தில் ஹேமர் இறங்கி இருப்பதுதான் சேஃப்டி. ஹேமரைப் பாதி இழுத்து நிறுத்தும் நிலையை நம்பி நடக்காதீர்கள், அதைப் பிடித்து நிறுத்தும் வெட்டு தேய்ந்திருக்கக்கூடும். திறந்த நிலையில் கொண்டுபோங்கள், பறவை தெரிந்த பிறகு மூடி ஹேமரை இழுங்கள். சுடவில்லை என்றால், தோட்டா உள்ளே இருக்க விறைத்த விரலால் ஹேமரை இறக்கவே கூடாது. முதலில் திற, தோட்டாவை எடு, அப்புறம் இறக்கு.

சார், மகனை முதல் முறையாகக் கூட்டிப்போகிறேன். பதினாறு வயது. நான் என்ன செய்ய வேண்டும்?

முதல் நாள் நீங்கள் துப்பாக்கி எடுக்காதீர்கள். அவன் பக்கத்தில், ஒரு எட்டு பின்னால் நடங்கள். அவனுக்கு ஒரே ஒரு தோட்டா. நிற்கும் ஒவ்வொரு முறையும் "சேஃப்டி?" என்று கேளுங்கள், அவன் பார்க்காமல் கட்டைவிரலால் தொட்டுப் பதில் சொல்லட்டும்.

இன்னொன்று, இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அவன் சேஃப்டியை எடுக்க மறந்து பறவை தப்பும். கட்டாயம் நடக்கும். அப்போது திட்டாதீர்கள், "அடடா" என்று கூடச் சொல்லாதீர்கள். பறவை போனதற்கு அப்பா வருத்தப்பட்டார் என்று அவன் மனதில் விழுந்துவிட்டால், அடுத்த முறை யாருக்கும் தெரியாமல் சேஃப்டியை முன்னால் தள்ளி வைத்துக்கொண்டே நடப்பான். அப்படி நடந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். தோளில் தட்டி, "பூட்டித்தான் வைத்திருந்தாய், நல்லது" என்று சொல்லுங்கள். அடுத்த பறவை வரும்.